காக்கை அரசியின் மேலங்கி

ஆரணியில் நிறம் பார்க்கத் தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்பது கோபிநாத்தின் முடிவு. அந்த முடிவுக்கு வர அவனுக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கும் டிசைன் சென்டரில் உட்கார்ந்து பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது அவன் வேலை. காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் மயில், மாங்காய், யானை, மறுபடியும் மயில். சேலை முதலாளிகள் அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "அந்தப் பச்ச பத்தல தம்பி, இன்னும் கொஞ்சம் தூக்கு" என்பார்கள். தூக்குவான். "இன்னும். கண்ணுல அடிக்கணும்" என்பார்கள். அடிக்க வைப்பான். இந்த ஊர்க் கண்களுக்கு அடிதான் சரி என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வான்.

அவனுடைய நிறங்கள் வேறு. அவை கட்டைவிரல் அளவுக் குப்பிகளில் கடல் தாண்டி வந்தவை. ஈரச் சாம்பல், பழைய எலும்பு, மழைக்குப் பிறகான சேறு என்றெல்லாம் அவற்றுக்குப் பெயர். சேறு ஆரணியிலேயே வேண்டிய மட்டும் கிடைக்குமே என்று அவன் மனைவி ஜெயப்ரியா ஒருமுறை கேட்டாள். சேற்றுக்கும் சேற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை இவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

அந்தக் குப்பிகளைக் கொண்டு அவன் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டினான். பொம்மை என்று யாராவது சொன்னால் அவனுக்கு முகம் சுருங்கும். மினியேச்சர் என்று சொல்ல வேண்டும். மூன்று அங்குல உயரத்தில் பூதங்கள், வாள்வீரர்கள், சூனியக்காரிகள். சூட்டுக்கு இளகும் ரெசின் பிளாஸ்டிக்கில் வார்த்து, கை வேறு தலை வேறாகப் பெட்டியில் வரும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, மூன்றே மயிர் உள்ள தூரிகையால் கண்ணுக்குள் கருவிழி வைக்க வேண்டும். கருவிழி வைக்கும்போது வீட்டில் யாரும் கதவைச் சாத்தக்கூடாது, மிக்சி போடக்கூடாது. கல்யாணமாகி எட்டு மாதத்தில் ஜெயப்ரியா தேங்காய்ச் சட்னியை ஒரு பூதத்தின் கண்ணுக்காக நான்கு முறை தள்ளிப்போட்டிருந்தாள்.

போன வருடம் சென்னையில் நடந்த கண்காட்சிக்கு கோபிநாத் வேறொரு பூதத்தை எடுத்துப் போனான். சிவப்பு இடைத்துணி, அதற்குத் தங்கக் கரை. மினியேச்சர் குழுவின் தலைவர் டாக்டர் பிரபாகரன், தொழிலுக்குப் பல் டாக்டர், அதைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு படம் பிடித்துக் குழுவில் போட்டு, கீழே ஒரு வரி எழுதினார்: "ஆரணிப் பட்டு கட்டின பூதம்." அறுபத்தேழு பேர் சிரித்தார்கள். சிரித்த முகங்களை கோபிநாத் எண்ணினான். ஒரு வருடம் கழித்தும் எண்ணிக்கை அவனுக்கு மறக்கவில்லை. பூதத்தை பீரோ மேல் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தான்.

அந்த ஒரு வரியை அழிக்க வேண்டும். அதற்காகத்தான் வெளிநாட்டிலிருந்து காக்கை அரசி என்ற மினியேச்சரை வரவழைத்தான்.

இரண்டு மாதம் கஸ்டம்ஸில் தூங்கிவிட்டு, இந்த வருடக் கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் வந்து சேர்ந்தாள். தலை தனி, கைகள் தனி, ஈட்டி தனி, தோளில் உட்கார ஒரு காக்கை தனி. உடம்பும் மேலங்கியும் மட்டும் ஒரே வார்ப்பு. மேலங்கி தோளிலிருந்து கணுக்கால்வரை நேராக, மெல்லிசாக, ஓரத்தில் தாள் கனத்துக்குத் தொங்கியது. கோபிநாத் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விளிம்பு வழியாக வெளிச்சம் தெரிந்தது.

ஜெயப்ரியாவும் வந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, சண்டைக்குப் போறவ ரவிக்கையே போடாம போறா?"

"அது கவசம்."

"எது? இந்த ரெண்டு கிண்ணமா?"

"உனக்குப் புரியாது, வுடு."

"புரியுதுங்க. முன்னாடி கிண்ணம், பின்னாடி போர்வ. முதுகுக்குத்தான் குளுருது போல."

கோபிநாத் பெட்டியை மூடினான். இந்த முறை தங்கம் கிடையாது, சிவப்பு கிடையாது, கரை என்ற பேச்சே கிடையாது. சாம்பலும் எலும்பும் சேறும் மட்டும். இவன் ஆரணிக்காரன் என்று அந்தப் பல் டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்கக்கூடாது.

மறுநாள் காலை டிசைன் சென்டரிலிருந்து இரண்டு போன். யாரோ முதலாளியின் யானைக்குத் தும்பிக்கை இடதுபக்கம் வந்துவிட்டதாம். கோபிநாத் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான்:

"ஜெயா, அந்த துண்டுங்க மேல ஒரு வழவழப்பு இருக்கும். அச்சுலேர்ந்து எடுக்கறதுக்குத் தடவற மெழுகு. அது சுத்தமா போனாதான் கலர் புடிக்கும். சோப்புத் தண்ணில போட்டு எடுத்து வெய்யி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். இதுக்கெல்லாமா கேள்வி? குழந்தைகூட செய்யும்."

"செய்றேங்க. எங்க வூட்லயும் பட்டுக்கு அப்படித்தான். பசை போவலன்னா சாயம் ஏறாது. அதுக்கு மொதல்ல..."

மீதியை கோபிநாத் கேட்கவில்லை. வண்டியை உதைத்துவிட்டான். பட்டைப் பற்றி யாராவது பேசத் தொடங்கினால் அவன் காது தானாக மூடிக்கொள்ளும். அது வேலை நேரத்துக்கு வெளியே அவன் தனக்குக் கொடுத்துக்கொண்ட விடுமுறை.

அன்று காது மூடாமல் இருந்திருக்கலாம். ஜெயப்ரியா பக்கத்து ஊரான சேவூரில் ஒரு சாயக்காரரின் மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பட்டு நூல் கழிகளை வேகவைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். பசை எடுப்பது என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம். அடுப்பில் அலுமினியக் குண்டானை ஏற்றி, சோப்பைச் சீவிப் போட்டு, ஒரு சிட்டிகை சோடாவும் போட்டு, தண்ணீர் தளதளவென்று வந்ததும் காக்கை அரசியைத் தலை, கை, காக்கை, ஈட்டியோடு உள்ளே இறக்கினாள். அரை மணி நேரம். நடுவில் இரண்டு முறை கொம்பால் புரட்டிவிட்டாள். பிறகு கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அவளைக் கொம்பில் தூக்கி, பட்டுக்கழியைச் செய்வதுபோலவே ஒரு முறுக்கு முறுக்கி, ஓர் உதறு உதறி, பச்சைத் தண்ணீரில் போட்டாள். முறுக்குவதையும் உதறுவதையும் அவள் யோசித்துச் செய்யவில்லை. அந்தக் கைகளுக்கு வேகவைத்ததை வேறு விதமாக வெளியே எடுக்கத் தெரியாது.

கோபிநாத் மதியம் சாப்பிட வந்தபோது, ஜன்னலோரத்தில் ஒரு வெள்ளைத் துண்டின் மேல் அவள் வரிசையாகக் கிடந்தாள். ஈட்டி நூடுல்ஸ் போலச் சுருண்டிருந்தது. வலது கை யாரையோ வாங்க வாங்க என்று அழைத்தது. மேலங்கி நேராகத் தொங்கவில்லை. இடுப்புக்குக் கீழே ஒரு பக்கமாகத் திரும்பி, முன்னே சுழன்று வந்து, உள்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"இன்னாத்த பண்ண?" என்றான். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"வேகவெச்சேன்."

"வேக... இன்னா கெழங்காடி இது?"

"நீங்கதான சொன்னீங்க, வழவழப்பு சுத்தமா போவணும்னு. எங்கப்பா முப்பது வருசமா இப்படித்தான் எடுக்கறாரு. போச்சா இல்லயா, தொட்டுப் பாருங்க."

"பச்சத் தண்ணில போட்டு எடுன்னா..."

"பச்சத் தண்ணின்னு சொல்லவே இல்லங்க. சோப்புத் தண்ணின்னு சொன்னீங்க. கேட்டதுக்கு, இதுக்கெல்லாமா கேள்வின்னீங்க. குழந்தைகூட செய்யும்னீங்க. குழந்தை செய்ற மாதிரி செஞ்சேன்."

"உங்க வூட்டு குண்டான் புத்தி! எதப் பாத்தாலும் அவிக்கணும். இந்த ஊர்ல எவன்கிட்ட எதக் குடுத்தாலும் பட்டாக்கிடுவீங்க."

"இந்த ஊர்லதான நீங்களும் கீறீங்க? பசை எப்படி எடுப்போம்னு சொல்ல வந்தேன், காது குடுக்காம வண்டிய உதைச்சினு போனது யாரு? சும்மா பேஜார் பண்ணாதீங்க. சோறு ஆறுது."

அவன் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள்.

இன்னொரு அரசி வர இரண்டு மாதம். கண்காட்சிக்கு ஒன்பது நாள். கோபிநாத் மூன்று நாள் ஜெயப்ரியாவிடம் பேசாமல், இன்டர்நெட்டில் வெளிநாட்டார் சொன்னபடி, தண்ணீரைச் சூடாக்கி ஈட்டியை நிமிர்த்தினான். அதாவது, அவள் எந்தத் தண்ணீரில் கெடுத்தாளோ அதே தண்ணீரில் சரிசெய்தான். இதை அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். சொல்லாமல் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னாள்.

ஈட்டி நேரானது. கை நேரானது. மேலங்கியைத் தொட மட்டும் அவனுக்குத் தைரியம் வரவில்லை. திரும்பிய இடத்தில் மயிரிழை போல ஒரு வெளுத்த கோடு. இன்னொரு சூட்டுக்கு அங்கேதான் முறியும். ஒட்டிப் பார்த்தான். அரசியின் தலையைப் பித்தளைக் கம்பி வைத்துப் பொருத்தினான், தோளில் காக்கையை உட்காரவைத்தான், கையில் ஈட்டியைக் கொடுத்தான். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான்.

பெட்டியின் மேல் இருந்த படத்தில் அவள் போட்டோவுக்கு நிற்பவள்போல நின்றாள். இங்கே எதிர்க்காற்றில் திரும்பிப் பார்த்தாள். காற்றுகூடக் கண்ணில் படுகிற மாதிரி இருந்தது. கோபிநாத்துக்கு அது பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதில் அவனுக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று.

அடிவண்ணம் அடித்தபோது அது முதல் பூச்சிலேயே பிடித்தது. மினியேச்சர் தீட்டிய எட்டு வருடத்தில் இவ்வளவு சுத்தமாகப் பிடித்ததில்லை. எந்த மூலையிலும் துளி மெழுகு இல்லை.

சாம்பல் பூசினான், எலும்பு பூசினான், சேறு பூசினான். எல்லாம் திட்டப்படி அழுதுவடிந்தது. மேலங்கியின் உள்பக்கத்துக்குத்தான் திட்டமே இல்லை. நேராகத் தொங்கியிருந்தால் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். இப்போது அதுதான் முன்னால் நின்றது. சாம்பல் போட்டால் வெளிப்பக்கத்தோடு கலந்து மொத்தையானது. பழுப்பு போட்டால் அழுக்கானது. இரண்டு முறை அழித்தான். மூன்றாம் முறை, சாய்ந்த பரப்பில் மெல்லிய நீலமும், மடிப்பின் மறுபக்கத்தில் மெல்லிய பச்சையும், ஒன்றின் மேல் ஒன்று தெரியும்படி பூச்சு பூச்சாக ஏற்றினான். நெடுக்கே ஓடும் பாவுக்கு ஒரு நிறம் குறுக்கே ஓடும் ஊடைக்கு ஒரு நிறம் என்று தினமும் கம்ப்யூட்டரில் போட்டுப்போட்டுப் பழகிய கை அது. அவனைக் கேட்காமலே வேலையை முடித்தது.

காபி வைக்க வந்த ஜெயப்ரியா குனிந்து பார்த்தாள்.

"மயில் கழுத்துதான?"

"இல்ல. டார்க் டர்க்காய்ஸ்."

"ஆமா ஆமா" என்றாள். "சேவூர்ல அத மயில் கழுத்துன்னுவாங்க."

அவன் பேச ஆரம்பித்துவிட்டான் என்பதை அவள் சுட்டிக்காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாக மட்டும் சொன்னாள். சென்னையில் ஒரு வேலை இருக்கிறதாம். என்ன வேலை என்று கேட்டால், "நீங்க எதுக்கு சோறு தண்ணியில்லாம கிடந்தீங்கன்னு பாக்கணும்" என்றாள்.

கண்காட்சி நுங்கம்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சின்ன ஹாலில் நடந்தது. பெரிய ஹாலில் யாருக்கோ வளைகாப்பு. நாதஸ்வரம் சுவரைத் தாண்டி வந்து பூதங்களின் மேல் விழுந்தது. உள்ளே நாற்பது ஆண்கள், ஆளுக்கொரு பூதக்கண்ணாடியோடு மேசைகளின் மேல் குனிந்து, ஒருவர் பூதத்தில் இன்னொருவர் குறை தேடினார்கள். "ஐபுரோ கொஞ்சம் தடிமன்" என்றார் ஒருவர், ஒரு எலும்புக்கூட்டைப் பார்த்து. எலும்புக்கூட்டுக்கு ஏது புருவம் என்று ஜெயப்ரியா கேட்டாள். கோபிநாத் அவளை சமோசா இருந்த மேசைப் பக்கம் நகர்த்தினான்.

டாக்டர் பிரபாகரன் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். காக்கை அரசியின் முன் நின்றார். பல்லைப் பார்ப்பதுபோலச் சின்னக் கண்ணாடியை அவளுக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நீங்க ஆரணி இல்ல?"

"ஆமா சார்."

"இது எனக்குத் தெரிஞ்ச கிட்தான். எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ஒரிஜினல்ல அங்கி நேரா தொங்கும். இத எப்படித் திருப்புனீங்க?"

எப்படிச் செய்தாய் என்று இவர் கேட்பதற்காகத்தான் கோபிநாத் ஒரு வருடமாகக் காத்திருந்தான். பதிலும் தயாராக இருந்தது.

"ஹீட் கன் சார்."

"ஹீட் கன்னா?" டாக்டர் மறுபடியும் குனிந்தார். "விளிம்பு இவ்ளோ மெல்லிசு. கன்ல சூடு காத்து அடிச்சிருந்தா கொப்புளம் வந்திருக்குமே. ஒண்ணுகூட இல்லையே."

"லோ செட்டிங்ல..."

"எவ்ளோ டிகிரி?"

"கண் மதிப்புதான் சார்."

"கண் மதிப்பா?" டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நாலைந்து பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள். "தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் ஒருத்தர் வேற ஆள்கிட்டப் பண்ணி வாங்கிட்டு வந்து தன்னோடதுன்னு வெச்சார். பெரிய அசிங்கமாப் போச்சு. இது எப்படிப் பண்ணதுன்னு தெளிவா சொன்னீங்கன்னா போட்டியில சேத்துக்கறேன். இல்லன்னா மேசையில இருக்கட்டும், நம்பர் குடுக்க முடியாது."

கோபிநாத் ஜெயப்ரியாவைப் பார்த்தான். கல்யாணமான எட்டு மாதத்தில் உதவி கேட்டு அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவள் சமோசாவின் மூலையைக் கடித்தாள். உதவப்போவதில்லை என்பது கடித்த விதத்திலேயே தெரிந்தது.

அறுபத்தேழு சிரித்த முகங்கள் அவன் கண்முன் வந்தன. உண்மையைச் சொன்னால் அறுபத்தெட்டு. சொல்லாவிட்டால் திருடன்.

"வேகவெச்சது சார்" என்றான்.

"என்னது?"

"சோப்புத் தண்ணில. குண்டான்ல. பட்டு வேகவெக்கற மாதிரி. நான் வெக்கல. என் வொய்ஃப். இதோ, இவங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். "பட்டு கட்டின பூதம் போன வருஷம், அவிச்ச ராணி இந்த வருஷம்" என்றது ஒரு குரல். சிரிப்பு இன்னொரு சுற்று வந்தது. கோபிநாத் மேசை விரிப்பின் பூவேலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மட்டமான பூவேலை.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஜெயப்ரியாவின் பக்கம் நகர்ந்துவிட்டிருந்தார்.

"எவ்ளோ நேரம் வெச்சீங்கம்மா?"

"அரை மணிங்க. சோப்பு சீவிப் போட்டு, ஒரு சிட்டிகை சோடா. தண்ணி தளதளன்னு வரணும்."

"அப்புறம் இந்தத் திருப்பம்?"

"கொம்புல தூக்கினு ஒரு முறுக்கு. ஒண்ணரை முறுக்குன்னு வெச்சிக்கங்க. அப்புறம் ஒரு உதறு. ஜல்தியா பச்சத் தண்ணில போட்டுடணும், இல்லன்னா தொங்கிடும்."

"உதறும்போது எந்தப் பக்கம்?"

அவள் சமோசாவைக் கீழே வைத்துவிட்டு, சமோசா சுற்றி வந்த தாளை எடுத்து, காற்றில் முறுக்கி உதறிக் காட்டினாள். நாற்பது பூதக்கண்ணாடிகளும் அந்தத் தாளைப் பார்த்தன. இப்போது யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "இன்னொரு தடவ காட்டுங்க சிஸ்டர்" என்றார்.

"உள்பக்கம் என்ன கலர்?" டாக்டர் கோபிநாத்தைக் கேட்டார். "திருப்பித் திருப்பிப் பாத்தா மாறுது."

"டார்க் டர்..."

"மயில் கழுத்துங்க" என்றாள் ஜெயப்ரியா.

டாக்டர் அதைத் தன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் பரிசு கொடுத்தார்கள். வண்ணம் தீட்டும் பிரிவில் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாமே பெங்களூருக்குப் போயின. உருவத்தை மாற்றியமைத்த பிரிவில் முதல் பரிசு காக்கை அரசிக்கு. மாற்றியமைத்தவர்: திருமதி ஜெயப்ரியா, ஆரணி. கோபிநாத்துக்கு நாற்பது பேருக்கும் கொடுத்த அதே பங்கேற்புச் சான்றிதழ். அதில் அவன் பெயரில் ஒரு எழுத்து தப்பு.

திரும்பும் பஸ்ஸில் ஜெயப்ரியா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பெட்டி அவள் மடியில் இருந்தது. காஞ்சிபுரம் பக்கம் வரும்போது சாலையின் இரண்டு பக்கமும் பட்டுக்கடை போர்டுகள், பட்டு கட்டிய ராட்சதப் பெண்கள். வழக்கமாக அந்த இடத்தில் கோபிநாத் ஏதாவது சொல்வான். பச்சையைப் பற்றி, கரையைப் பற்றி, கண்ணில் அடிப்பதைப் பற்றி. இன்று அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழுவில் அரசியின் படம் வந்திருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பேர் கைதட்டியிருந்தார்கள். கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "இது யார் பண்ணது?" இன்னொருவர் பதில் போட்டிருந்தார்: "ஆரணி ஜெயப்ரியா மேடம். போன வருஷம் பட்டு பூதம் கொண்டுவந்தாரே, அவரோட வொய்ஃப்."

அந்த ஒரு வரியை அழிக்க வேண்டும் என்றுதான் ஒரு வருடம் உழைத்தான். இப்போது அது அவன் விலாசமாகிவிட்டது.

"அடுத்த மாசம் அவங்களுக்கு வந்து செஞ்சு காட்டணுமாம்" என்றாள் ஜெயப்ரியா. "டாக்டர் கேட்டாரு. வரேன்னுட்டேன். நீங்களும் வேணா வாங்க. குண்டானத் தூக்கினு வர ஆள் வேணும்."

கோபிநாத் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"எனக்கும் ஒரு பொம்மை சொல்லி வெய்யுங்க" என்றாள். "ரவிக்கை போட்டவளா பாத்து."

"மினியேச்சர்" என்றான், பழக்கத்தில். பிறகு, "வர ரெண்டு மாசம் ஆவும்" என்றான்.

"ஆவட்டும். அதுக்குள்ள நல்லதா ஒரு குண்டான் வாங்கிடலாம். வூட்ல இருக்கறதுல உங்க ராணி நாத்தம் போவல."